கல்லில் இடம் இருந்தது

அந்த ஊரில் யாருக்கு மனு எழுத வேண்டுமென்றாலும் என்னிடம்தான் வருவார்கள். முதியோர் உதவித்தொகைக்கு மனு, மின்கம்பம் சாய்ந்து நிற்கிறது என்று மனு, கோயில் கொடைக்கு நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகை, கண்ணீர் அஞ்சலி போஸ்டருக்கு நாலு வரி என்று எல்லாமே நான் எழுதிக் கொடுத்தவை. அங்கே அரசு உயர்நிலைப் பள்ளியில் நான் தமிழாசிரியை. ராதாபுரத்திலிருந்து தெற்கே மினி பஸ்ஸில் அரை மணி நேரம் போக வேண்டும். என் சொந்த ஊர் பாளையங்கோட்டை. அப்பா மிஷன் பள்ளி வாத்தியார். என் விரலைப் பிடித்து ழகரம் எழுத வைத்தவர் அவர்தான். கையெழுத்து அவரிடமிருந்து வந்தது. அதில் எனக்குக் கர்வமும் இருந்தது. ஒருவர் என் எழுத்தைப் பார்த்து "அச்சடிச்ச மாதிரி இருக்கு டீச்சர்" என்று சொன்னால் அன்று முழுக்க மனசு லேசாக இருக்கும்.

பள்ளிக்கு எதிரே உடைமரமும் சீமைக்கருவேலும் மண்டிய புறம்போக்கு நிலம் இருந்தது. அதில்தான் புதுப் பால்வாடிக் கட்டடம் கட்டுவதென்று பஞ்சாயத்தில் முடிவானது. அதுவரை பால்வாடி ரேஷன் கடைக்குப் பின்னால் ஒரு வாடகை அறையில் நடந்தது. மழை பெய்தால் பிள்ளைகளை ஒரே மூலையில் ஒதுக்கி உட்கார வைப்பார்கள். ஒருமுறை பாய்க்கு அடியில் தேள் கிடந்து, அதற்குப் பிறகு பாதித் தாய்மார்கள் பிள்ளைகளை அனுப்பவில்லை.

வேலை நூறு நாள் திட்டத்தில் வந்தது. சுவர் எழுப்பவும் கான்கிரீட் போடவும் வள்ளியூரிலிருந்து கொத்தனார்கள் வந்தார்கள். முள்ளை வெட்டி இடத்தைச் சுத்தம் செய்வதும், அஸ்திவாரத்துக்கு வானம் தோண்டுவதும், தோண்டிய கடைக்காலுக்குச் சரள் சுமந்து நிரப்புவதும், கல்லும் மணலும் எடுத்துக் கொடுப்பதும் ஊர்க்காரர்கள் வேலை. இருபத்தெட்டுப் பேர். அதில் மூன்று பேர் வயதான ஆண்கள், மற்றவர்கள் பெண்கள். விடியும் முன்னே எழுந்து பீடித் தட்டை மடியில் வைத்து ஒரு பாகம் பீடி சுற்றிவிட்டு, எட்டு மணிக்கு மம்பட்டியோடும் மண்சட்டியோடும் வந்துவிடுவார்கள். வந்ததும் வரிசையாக நிற்க வைத்துச் செல்போனில் போட்டோ எடுப்பார்கள். மத்தியானம் மறுபடியும் ஒரு போட்டோ. அது ஆனி மாதம். அந்தப் பக்கம் காற்று ஆளைத் தள்ளும். சும்மாட்டின் மேல் சட்டியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, மறு கையால் சேலையைப் பிடித்துக்கொண்டு அவர்கள் காற்றுக்கு எதிராக நடந்து வருவதை ஒன்பதாம் வகுப்பு ஜன்னல் வழியாகத் தினமும் பார்ப்பேன்.

அவர்களில் ஒருத்தி என்னிடம் படித்தவள். ஒன்பதாம் வகுப்போடு நின்றவள். நான் அந்தப் பள்ளிக்கு வந்த புதிதில் என் வகுப்பில் மூன்றாவது பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். பாடத்தை வாய்விட்டுப் படிக்கச் சொன்னால் அவளைத்தான் எழுப்புவேன். எங்கே நிறுத்த வேண்டும், எங்கே ஓட வேண்டும் என்று யாரும் சொல்லிக்கொடுக்காமலே அவளுக்குத் தெரியும். ஒரு நாள் பள்ளிக்கு வரவில்லை. அம்மாவுக்கு ஆபரேஷன், வீட்டில் பீடி சுற்ற ஆளில்லை என்றார்கள். நான் வீட்டுக்குப் போய்ப் பேசியிருக்கலாம். பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் "வரச் சொல்லு" என்று சொல்லி அனுப்பினேன். அவ்வளவுதான். அவள் வரவில்லை, நானும் கேட்கவில்லை. இப்போது அவளுக்கே பத்தாம் வகுப்புப் படிக்கும் மகள் இருந்தாள்.

அவளுடைய மாமியாரும் அதே வேலையில் இருந்தாள். எழுபது தாண்டிய மனுஷி. சட்டி தூக்க முடியாதவர்களுக்குத் தண்ணீர் கொடுக்கிற வேலை கொடுப்பார்கள். எவர்சில்வர் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு ஒவ்வொருவராகத் தேடிப் போய், "பைய குடிட்டி, பைய குடி" என்று சொல்லிக் கொடுப்பாள். எனக்கும் பள்ளிக் கேட் வரை வந்து ஒரு டம்ளர் நீட்டுவாள்.

கடைக்கால் நிரம்பித் தரைமட்டம் வந்த சமயம் பஞ்சாயத்துத் தலைவர் பள்ளிக்கு வந்தார். நல்ல மனுஷர்தான். ஊரில் எல்லாரும் அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவார்கள்.

"டீச்சர், கல்வெட்டுக்கு வாசகம் நீங்கதான் எழுதித் தரணும். ஓவர்சியர் எழுதினா ஒரே பிழையா இருக்கு. போன தடவ தண்ணித் தொட்டிக்கு 'திரப்பு விழா'ன்னு வெட்டி வச்சு ஊரே சிரிச்சிச்சு" என்றார்.

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. காகிதத்தில் எழுதுவது வேறு, கல்லில் நிற்பது வேறு. சரி என்றேன்.

மறுநாள் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் என்னிடம் படித்த அவள் பள்ளிக் கேட்டுக்கு வந்து நின்றாள். பின்னால் ஏழெட்டுப் பெண்கள், எல்லார் கையிலும் தூக்குவாளி.

"டீச்சர், கல்வெட்டு நீங்கதான் எழுதுதீங்களாமே?"

"ஆமா. அண்ணாச்சி கேட்டாங்க."

அவள் திரும்பி மற்றவர்களைப் பார்த்தாள். ஒருத்தி "கேளுட்டி" என்று முழங்கையால் இடித்தாள்.

"அதுல எங்க பேரையும் போட முடியுமா டீச்சர்?"

 அதற்குள் மாமியார்க்காரி முன்னால் வந்தாள்.

"எங்கம்மா பஞ்சத்துல ரோட்டுக்கு மண் சொமந்தா டீச்சர். ராதாபுரத்துல இருந்து இங்கன வழியா கடல் பக்கம் போகுதுல்லா, அந்த ரோடுதான். கூலி கெடையாது, கம்பும் சோளமும் படியில அளந்து குடுப்பாங்களாம். வயித்துல என் அண்ணன வச்சிக்கிட்டுச் சொமந்திருக்கா. அந்த ரோட்டுக்குத் தொர ரோடுன்னு பேரு. அந்தத் தொர யாரு, வந்தாரா, பாத்தாரா, ஒண்ணும் தெரியாது. சொமந்தவ பேரு எனக்கே பாதி மறந்து போச்சு."

அவள் அதைக் குறையாகச் சொல்லவில்லை. பஸ் நேரம் சொல்கிற மாதிரி சொன்னாள். அந்த ரோட்டில்தான் நான் பத்தொன்பது வருஷம் மினி பஸ்ஸில் போய் வந்துகொண்டிருந்தேன்.

"போட்ருவோம்" என்றேன். "எல்லார் பேரையும் எழுதித் தாங்க."

"எழுத எங்க தெரியுது? நீங்களே எழுதிக்கிடுங்க" என்று சிரித்தார்கள்.

அதற்கடுத்த இரண்டு நாளும் மத்தியானம் உடைமர நிழலில் உட்கார்ந்து ஒவ்வொருவர் பெயரையும் கேட்டு எழுதினேன். அது நான் நினைத்த மாதிரி லேசான காரியமாக இல்லை. ஒருத்திக்கு ரேஷன் கார்டில் ஒரு பெயர், கோயிலில் ஞானஸ்நானத்துக்கு வைத்தது வேறு பெயர். எதை எழுத என்று கேட்டால், வீட்டுக்காரரிடம் கேட்டு வருகிறேன் என்று போனாள். மறுநாள் வந்து "ரெண்டையும் போடலாமா டீச்சர்?" என்றாள். முன்னெழுத்து அப்பாவுடையதா, புருஷனுடையதா என்று இன்னொருத்திக்குக் குழப்பம். புருஷன் விட்டுவிட்டுப் போனவள். "எங்க அப்பா எழுத்தே இருக்கட்டும்" என்றாள். மாமியார்க்காரியிடம் கேட்டபோது அவள் வாய் திறக்க நேரமாயிற்று. ஊரில் எல்லாரும் அவளை மூத்த மகன் பெயரோடு அம்மா சேர்த்துத்தான் கூப்பிடுவார்கள். தன் சொந்தப் பெயரைத் தானே வெளியே சொல்லிப் பல வருஷமாகியிருக்க வேண்டும். சொன்னதும் வெட்கப்பட்டு முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். மற்றவர்கள், "ஆச்சி, உம்பேரு இதுவா? இத்தன நாளும் சொல்லலையே!" என்று கை தட்டினார்கள்.

இருபத்தெட்டுப் பெயரும் ஒரு முழு வெள்ளைத் தாளில் வந்தன. வீட்டுக்குப் போய் மேலே கல்வெட்டு வாசகமும் கீழே அந்தப் பெயர்களுமாக இரண்டு முறை நகலெடுத்து, மூன்றாவது தடவை எனக்குத் திருப்தியாக வந்ததை எடுத்துக்கொண்டு பஞ்சாயத்து அலுவலகத்துக்குப் போனேன்.

அங்கே தலைவரும் ஓவர்சியரும் கிளார்க்கும் இருந்தார்கள். ஓவர்சியர் இளைஞர், நன்றாகப் பேசுபவர். நான் கொடுத்த தாளின் மேல் பாதியைப் படித்துத் தலையாட்டிக்கொண்டே வந்தார். கீழ்ப் பாதிக்கு வந்ததும் நிமிர்ந்தார்.

"இது என்ன டீச்சர், அட்டென்டன்ஸா?"

"வேலை செய்தவங்க பேரு. அவங்க கேட்டாங்க. போடலாம்னு சொன்னேன்."

"இருபத்தெட்டுப் பேரையுமா?" அவர் தலைவரைப் பார்த்துச் சிரித்தார். "இவ்வளவு பேரக் கல்லுல வெட்டி வச்சா, பால்வாடிக்கு வருத பிள்ளைக கல்லறத் தோட்டம்னுல்லா நெனச்சுக்கிடும்!"

தலைவர் சிரித்தார். கிளார்க் சிரித்தார். நானும் சிரித்தேன்.

இத்தனை வருஷத்துக்குப் பிறகும் அந்தச் சிரிப்பு என்னை விடவில்லை. யாரும் என்னை மிரட்டவில்லை. எனக்கு அங்கே எந்தக் காரியமும் ஆக வேண்டியிருக்கவில்லை. "இல்லை சார், அவங்களுக்கு வாக்குக் கொடுத்துட்டேன்" என்று ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் போதும். ஒருவேளை மறுத்திருப்பார்கள், ஒருவேளை தலைவர் இரங்கியிருப்பார். எனக்கு அந்த வாக்கியம் வரவில்லை. நாலு பேர் சிரிக்கிற இடத்தில் சிரிக்காமல் உட்கார்ந்திருப்பது ஏதோ மரியாதைக் குறைவு போல எனக்குத் தோன்றியது. சிரித்து முடித்த பிறகு பேசுவதற்கு என்ன இருக்கிறது?

தலைவர்தான் கொஞ்சம் இறங்கி வந்து சொன்னார். "தப்பா எடுத்துக்கிடாதீங்க டீச்சர். இதுல போட்டா அடுத்து ஓடையத் தூர்வாருத வேலையிலயும் கேப்பாங்க. 'ஊர் மக்களின் உழைப்பால்'னு ஒரு வரி சேத்துருங்க, எல்லாரும் அதுல அடங்கிருவாங்கல்லா."

"சரி அண்ணாச்சி."

"கடைசியில உங்க பேரப் போட்டுருவோம். வாசகம், இன்ன டீச்சர்னு."

"ஐயோ, எனக்கு எதுக்கு?" என்றேன். அது எப்படிப்பட்ட மறுப்பு என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். கிளார்க் என் பெயரை முன்னெழுத்தோடு குறித்துக்கொண்டார்.

கல் வெட்டுபவர் பாளையங்கோட்டைக்காரர். எங்கள் கோயில் கல்லறைத் தோட்டத்தில் பாதிக் கல் அவர் வெட்டியது. அப்பாவின் கல்லும் அவர் கைதான். எழுத்து சரியாக வந்திருக்கிறதா என்று பார்க்க ஒரு சனிக்கிழமை அவருடைய பட்டறைக்குப் போனேன். கறுப்புக் கல்லில் வெள்ளைச் சாக்கால் வரிகளை எழுதி வைத்திருந்தார். ஒன்றியத் தலைவர், ஆணையாளர், பொறியாளர், ஊராட்சித் தலைவர், துணைத் தலைவர், வார்டு உறுப்பினர்கள், அதன் கீழ் ஊர் மக்களின் உழைப்பால், அதன் கீழ் சிறிய எழுத்தில் நான்.

"கீழ நெறய இடம் கெடக்கு டீச்சர். வேற ஏதாவது எழுதணுமா?" என்று கேட்டார். கையால் அளந்து காட்டினார். "இன்னும் பதினாலு வரி தாராளமாப் புடிக்கும். வரிக்கு ரெண்டு பேருன்னாலும் இருபத்தெட்டுப் பேரு."

அவருக்கு ஒன்றும் தெரியாது. சும்மா ஒரு கணக்கு சொன்னார். என் பையில் பெயர்கள் எழுதிய தாள் இருந்தது. எடுத்திருக்கலாம். அவர் கேள்வி கேட்கிற ஆளில்லை. வெட்டிய பிறகு யார் அழிக்கப் போகிறார்கள்? அதையெல்லாம் அந்த நிமிஷமே நினைத்தேன். ஓவர்சியர் முகமும் நினைவுக்கு வந்தது.

"வேண்டாம். ஒரு குத்துவிளக்கு போட்ருங்க" என்றேன்.

திங்கட்கிழமை அவள் கேட்டில் காத்திருந்தாள். மேல்தளம் போட்டுச் சாரத்தைப் பிரித்துக்கொண்டிருந்த நாள். "எழுதியாச்சா டீச்சர்?" என்றாள்.

"எழுதியாச்சு. ஆனா கல்லுல இடம் காணலம்மா. சின்னக் கல்லு. எல்லார் பேரும் புடிக்கல. ஊர் மக்கள்னு பொதுவாப் போட்டிருக்கு."

அவள் என் முகத்தைப் பார்த்தாள். சந்தேகம் எதுவும் அதில் இல்லை. "சரி டீச்சர். கல்லு சின்னதுன்னா நீங்க என்ன செய்வீங்க?" என்று எனக்கே ஆறுதல் சொல்லிவிட்டுப் போனாள்.

திறப்பு விழா அன்று கட்டடத்துக்கு முன்னால் பந்தல் போட்டு, மைக் கட்டி, ஒரே சத்தம். பெண்கள் எல்லாரும் குளித்து, தலைக்குப் பூ வைத்து, நல்ல சேலையில் வந்திருந்தார்கள். அவர்களை நான் அப்படிப் பார்த்ததில்லை. மாமியார்க்காரி வெளுத்த சேலை உடுத்தி, நெற்றி நிறையத் திருநீறு பூசி, மருமகள் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஒன்றியத் தலைவர் ரிப்பனை வெட்டினார். பிறகு கல்வெட்டின் மேல் போட்டிருந்த மஞ்சள் துணியை விலக்கினார். கைதட்டல். போட்டோ. எனக்கும் ஒரு துண்டு போர்த்தினார்கள். எல்லாரும் பூந்தியும் மிக்சரும் வாங்கப் பந்தலுக்குள் போனார்கள்.

அந்தப் பெண்கள் மட்டும் கல்லின் முன்னால் கூடி நின்றார்கள். பெரும்பாலோருக்கு வாசிக்கத் தெரியாது. "வாசிட்டி, என்ன எழுதிருக்கு?" என்று அவளிடம் கேட்டார்கள்.

அவள் வாசித்தாள். வகுப்பில் வாசிக்கிற அதே குரல். பதவியைச் சொல்லி நிறுத்தி, பெயரைச் சொல்லி, அடுத்த வரிக்குப் போய், தெளிவாக. நான் நாலடி தள்ளி, துண்டைக் கையில் மடித்து வைத்துக்கொண்டு நின்றேன். "ஊர் மக்களின் உழைப்பால்" என்று வந்ததும், "அது நாமதான்" என்றாள். இரண்டு பேர் சிரித்தார்கள். அடுத்த வரியைத் தொடங்கினாள். "வாசகம்" என்று சொல்லிவிட்டு நிறுத்தினாள். என் பெயரைச் சொன்னாள். பிறகு அவள் கண் கீழே இறங்கியது. குத்துவிளக்கு ஒரு சாண் அகலம். அதைச் சுற்றி, மேலே, கீழே, இரண்டு பக்கமும் வெறும் கறுப்புக் கல், பளபளவென்று.

"கீழ இம்புட்டு இடம் கெடக்கே" என்றாள். யாரிடமும் சொல்லவில்லை.

மாமியார்க்காரி கையை நீட்டிக் கல்லைத் தடவினாள். "ஏளா, எம்பேரு எந்த இடத்துல இருக்கு?"

மருமகள் அவளிடம் முன்பே சொல்லியிருக்க வேண்டும். சொன்னது அவளுக்கு நினைவில் நிற்கவில்லையோ, நம்பவில்லையோ. அவள் விரல் என் பெயர் மேல் ஓடி, நின்று, மறுபடி ஓடியது.

"இல்ல அத்த. வாங்க, பூந்தி வாங்குவோம்."

அவள் மாமியாரைத் திருப்பிக் கூட்டிக்கொண்டு என்னைத் தாண்டிப் போனாள். என்னைப் பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால் எனக்குச் சொல்ல ஏதாவது கிடைத்திருக்கும். ஒரு பாடத்தில் தெரியாத சொல் வந்தால் வகுப்பில் நிமிர்ந்து பார்ப்பாளே, அப்படிப் பார்த்தாள். நான் துண்டின் ஓரத்தைச் சரிசெய்வதுபோல் குனிந்துகொண்டேன்.

அதற்குப் பிறகு ஊரில் யாரும் என்னிடம் முகம் கோணவில்லை. மனுக்கள் வந்துகொண்டுதான் இருந்தன. அவள் மட்டும் வரவில்லை. மகளுடைய சாதிச் சான்றிதழுக்கு ராதாபுரம் தாலுகா ஆபீஸ் வாசலில் எழுதுகிறவரிடம் போய் எழுதி வாங்கினாள் என்று கேள்விப்பட்டேன். மறு வருஷம் பங்குனி வெயிலில் மாமியார்க்காரி இறந்துபோனாள். மூத்த மகன் போஸ்டருக்கு வாசகம் கேட்டு என்னிடம் வந்தார். அம்மாவின் பெயர் கார்டில் ஒரு மாதிரி இருக்கிறது, எது சரி என்று தெரியவில்லை என்றார். எனக்குத் தெரிந்திருந்தது. எழுதிக் கொடுத்தேன். ஊரெல்லாம் சுவரில் அந்தப் பெயர் ஒட்டியிருந்தது. பத்து நாளில் வெயிலில் வெளுத்து, ஆடுகள் கடித்து இழுத்துப் போட்டன. துக்கம் கேட்கப் போனபோது மருமகள் அடுப்படியில் இருந்தாள், வெளியே வரவில்லை.

ஓய்வு பெறுவதற்கு ஆறு மாதம் இருக்கும்போது எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. தலைவரின் பதவிக்காலம் முடிந்து, தனி அலுவலர் பொறுப்பில் இருந்தார். அவரிடம் போய் அந்தக் கல்லில் பெயர்கள் சேர்க்க முடியுமா என்று கேட்டேன். "திறந்து வச்ச கல்வெட்டுல நாம கைவைக்கக் கூடாதும்மா" என்றார். மரியாதையாகத்தான் சொன்னார். பிறகு பால்வாடி அம்மாவிடம் பேசி, உள்சுவரில் பெயின்ட்டால் எழுதிக்கொள்ளச் சம்மதம் வாங்கினேன். நானே எழுதுவதாக இருந்தேன். அதற்கு முன் அவளிடம் கேட்க வேண்டும் என்று தோன்றியது. அவளைப் பார்க்கவென்றே முதல்முறையாக அவள் வீட்டு வாசலில் போய் நின்றேன். அவள் பீடித் தட்டோடு உட்கார்ந்திருந்தாள். எழுந்து நாற்காலி எடுத்துப் போட்டாள். விஷயத்தைச் சொன்னேன்.

"வேண்டாம் டீச்சர்" என்றாள், கை நிற்காமல்.

"உள்ளே சுவர்ல நல்லா பெருசா..."

"செவத்துல ஆப்பிளும் ஆனையும் வரஞ்சு வச்சிருக்காங்க. பிள்ளைக பாக்கட்டும். அத அழிச்சிட்டு எங்க பேரு எதுக்கு? கேட்டவங்களும் இப்ப பாதிப் பேரு ஊர்ல இல்ல."

நூலைச் சுற்றிப் பல்லால் கடித்துத் துண்டித்தாள். நான் நாற்காலியை அவள் எடுத்த இடத்தில் போட்டுவிட்டு வந்தேன்.

ஓய்வு பெற்றுப் பாளையங்கோட்டைக்கு வந்த பிறகு நாள் நிறையக் கையில் கிடந்தது. பால்வாடி அம்மா போனில் பேசும்போதுதான் சொன்னாள், அந்தப் பழைய மாணவி குடும்பத்தோடு கங்கைகொண்டானுக்குக் குடிபோய்விட்டாள் என்று. மகளுக்கு அங்கே கம்பெனியில் வேலை. இவளுக்கும் இன்னொரு கம்பெனி கேன்டீனில் வேலை. விலாசம் வாங்கிக்கொண்டேன். ஜங்ஷனில் கோவில்பட்டி பஸ் ஏறினால் அரை மணிதான். இருந்தும் போக எனக்கு நாலு மாதம் ஆயிற்று.

வரிசை வீடுகளில் கடைசி வீடு. என்னைக் கண்டதும் முகம் மலர்ந்தாள். அதை நான் எதிர்பார்க்கவில்லை. "வாங்க டீச்சர், இங்கனயா? யாரு வீட்டுக்கு வந்தீங்க?"

"உன்னைப் பாக்கத்தான்."

தண்ணீர் கொடுத்தாள். மகள் கம்பெனிச் சீருடையில் இருக்கும் போட்டோவைச் சுவரில் காட்டினாள். பத்து நிமிஷம் அதையும் இதையும் பேசினோம். பிறகு நான் சொன்னேன்.

"அந்தக் கல்லு விஷயமா வந்தேன்."

எந்தக் கல் என்று அவள் கேட்கவில்லை. "அதுக்கா இம்புட்டுத் தூரம் வந்தீங்க?"

"இடம் இல்லைன்னு உன்கிட்ட பொய் சொன்னேன்."

"அது அன்னைக்கே தெரிஞ்சு போச்சுலா."

பக்கத்து வீட்டில் குக்கர் விசில் அடித்தது. அவள் சேலைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டு பேசினாள்.

"பேரு போடாததுல வருத்தம் இல்லன்னு சொன்னா அது பொய்யி. ஆனா அது ஒரு வாரத்துல போயிரும் டீச்சர். கேட்டுப் பாத்தேன், முடியாதுன்னுட்டாங்கன்னு நீங்க சொல்லிருந்தா, சரின்னு போயிருப்போம். நாங்க என்ன, கேட்டதெல்லாம் கெடச்ச ஆளுகளா? எங்க அத்ததான் சொல்லிக்கிட்டே இருந்தா, இடமெல்லாம் இருக்கும், பேரு கண்டிப்பா போட்டிருப்பாங்கன்னு. நான் அவகூடச் சண்ட போட்டேன். டீச்சர் பொய் சொல்ல மாட்டாங்க, கல்லு உண்மையிலேயே சின்னதாத்தான் இருக்கும்னு. துணிய விலக்குத வரைக்கும் சொல்லிக்கிட்டிருந்தேன்."

நான் அதோடு நிறுத்தியிருக்க வேண்டும். மன்னிப்புக் கேட்க வந்தவளுக்கு எல்லாவற்றையும் கொட்டிவிட வேண்டும் போலிருந்தது. பஞ்சாயத்து ஆபீஸில் நடந்ததைச் சொன்னேன். ஓவர்சியர் சொன்ன கல்லறைத் தோட்டக் கேலியைச் சொன்னேன். நானும் சேர்ந்து சிரித்தேன் என்று சொன்னேன்.

அவள் முகம் மாறியது. அதுவரை என் மேல் இருந்ததெல்லாம் ஒரு பழைய வருத்தம்தான். இது புதிது. அந்த இருபத்தெட்டுப் பேரும் வெட்கப்பட்டு, யோசித்து, வீட்டில் கேட்டு வந்து சொன்ன பெயர்களை நான்கு பேர் ஒரு அறையில் வைத்துச் சிரித்தார்கள் என்பது அவளுக்கு அந்த நிமிஷம் வரை தெரியாது.

"அத்த பேரையுமா?" என்று கேட்டாள்.

"தாளைத்தான் பார்த்தாங்க. பேரை யாரும் வாசிக்கல."

"வாசிக்கக்கூட இல்லையா?"

 அவள் எழுந்து உள்ளே போனாள். பாத்திரம் நகரும் சத்தம் கேட்டது. கொஞ்ச நேரம் கழித்து ஒரு தட்டில் சோறும் சொதியும் வைத்துக் கொண்டு வந்தாள்.

"அத நீங்க சொல்லாம இருந்திருக்கலாம் டீச்சர்" என்றாள். "உங்களுக்குப் பாரம் எறங்கிருக்கும். நான் இனி அத எங்கன கொண்டு வைக்க? சாப்பிடுங்க. ரெண்டு மணிக்கு எனக்கு ஷிப்டு."

நான் சாப்பிட்டேன். அவள் கேன்டீன் சேலையை மாற்றிக்கொண்டு, கழுத்தில் அடையாள அட்டையை மாட்டிக்கொண்டு வந்தாள். இருவரும் மெயின் ரோட்டுக்கு நடந்தோம். கம்பெனி வேன் அவளுக்கு முதலில் வந்தது. டிரைவரிடம் "ரெண்டு நிமிசம் அண்ணாச்சி" என்று சொல்லிவிட்டு, எதிர்ப் பக்கம் வந்துகொண்டிருந்த திருநெல்வேலி பஸ்ஸை அவளே ரோட்டில் இறங்கிக் கை காட்டி நிறுத்தினாள்.

"ஏறுங்க டீச்சர். இத விட்டா அடுத்த பஸ்ஸுக்கு ரொம்ப நேரமாகும்."

நான் ஏறினேன். ஜன்னல் இருக்கை கிடைத்தது. திரும்பிப் பார்ப்பதற்குள் அவள் வேன் போய்விட்டிருந்தது.